திறப்புகளைப் படித்த ஊர்

சதுரங்க ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களைத் திறப்பு என்பர். ஆட்டக்காரர்களின் பேச்சில் அது ஓப்பனிங். எந்தத் திறப்பும் மூன்றாவது, நான்காவது நகர்த்தலிலேயே கிளை பிரியத் தொடங்கிவிடும். அந்தக் கிளைகள் வேரியேஷன்கள். உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலமுறை ஆடி, ஆராய்ந்து, நல்லதென்று ஏற்றுக்கொண்ட கிளை மெயின் லைன். அதை விட்டு விலகி, அதிகம் பேர் போகாத வழியில் போவது சைடுலைன். மெயின் லைன் பெரும்பாலும் தரத்தில் உயர்ந்தது, ஆனால் எதிராளியும் அதைப் படித்திருப்பார். சைடுலைனில் தரம் சற்றே குறையலாம். ஆனால் எதிராளி மனப்பாடம் செய்து வந்த இருபது நகர்த்தல்கள் அங்கே உதவாது. இருவரும் ஐந்தாவது, ஆறாவது நகர்த்தலிலேயே சொந்த மூளையால் யோசிக்க வேண்டியிருக்கும். புத்தகமும் பயிற்சியாளரும் கிடைக்காத ஆட்டக்காரர்கள் சைடுலைன்களை நாடுவது இதனால்தான்.

இந்த அறிவு ஒரு நகரத்துக்கு எப்படி வந்தது, யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று பார்ப்பதற்குச் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். தமிழர்களுக்குக் கணக்கு மூளை என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அது காரணமே அல்ல. திறப்பு அறிவு அச்சுத்தாளில் மட்டும் இருந்த காலத்தில், அந்தத் தாள்கள் சென்னையில் ஒரு பொது அறைக்கு வந்து சேர்ந்தன. அதைப் படித்தவர்கள் பூட்டி வைக்காமல் பகிர்ந்துகொண்டார்கள். வரலாறு காட்டும் காரணம் இதுதான்.

ஐரோப்பிய விதிகள் பரவும்வரை இந்தியர்களுக்குத் திறப்பு என்பது இன்றைய பொருளில் ஒரு பாடமாகவே இருக்கவில்லை. ஊருக்கு ஊர் விதி மாறினாலும் சில பொதுக் கூறுகள் இருந்தன. சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். இன்றுள்ளபடி கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசையை அடைந்த சிப்பாய், அது எந்தக் காய்க்குரிய வரிசையில் ஏறியதோ அந்தக் காயாக மாறும். சிப்பாய்கள் மெதுவாக ஊர்வதால் இரு படைகளும் மோதிக்கொள்ளவே பல நகர்த்தல்கள் ஆகும். அதற்குள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த அணிவகுப்பை அமைத்துக்கொள்வார்கள். ஐரோப்பிய ஆட்டத்திலோ இரண்டாவது நகர்த்தலிலேயே மோதல் வந்துவிடலாம். அங்கே தவறான ஒரு நகர்த்தல் ஆட்டத்தையே கெடுக்கும் என்பதால் திறப்பைப் படித்தாக வேண்டிய கட்டாயம் உண்டானது.

இரண்டு மரபுகளும் முதலில் உரசியது கல்கத்தாவில். 1840களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு மேல், ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞரும் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். நடுப்பலகையைச் சிப்பாய்களால் உடனே பிடிக்காமல், குதிரையையும் பிஷப்பையும் ஓரத்தில் அமைத்துத் தூரத்திலிருந்து தாக்குவது பானர்ஜியின் வழக்கம். உள்ளூர் ஆட்டத்தின் மெதுவான அணிவகுப்புப் பழக்கம் அதில் அப்படியே தெரிகிறது. அன்றைய ஐரோப்பியக் கண்ணுக்கு அது விநோதமான பக்கவழி. எழுபது ஆண்டுகள் கழித்து அதே அமைப்புகள் ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர்களின் ஆயுதங்களாயின. கிங்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன், குயின்ஸ் இந்தியன் என்ற பெயர்களில் இந்தியா இடம்பெற்றது இந்த வழியாகத்தான்.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் 1929இல் லண்டன் போய், அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932லும் 1933லும் மீண்டும் வென்றார். முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவையே தோற்கடித்தவர். ஆனால் திறப்புகளை அவர் படித்ததில்லை. சாம்பியன் போட்டிக்கு முன் வில்லியம் வின்டர், ஃபிரெட் யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில மாஸ்டர்கள் அவருக்குத் திறப்புகளைக் கற்பிக்க முயன்றார்கள். அதற்குப் பிறகும் பல ஆட்டங்களில் திறப்பில் பின்தங்கி, நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் மீண்டு வந்துதான் வென்றார். புத்தக அறிவு இல்லாத ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர்தான் எல்லை. 1933இல் தம் புரவலருடன் ஊர் திரும்பியவர் அதன் பிறகு பெரிய போட்டிகளில் ஆடவில்லை. அவர் அனுபவத்திலிருந்து பாடம் கற்க இந்தியாவில் ஒரு மன்றமோ நூலகமோ அன்று இல்லை.

சென்னையின் கதை மானுவல் ஆரோனில் தொடங்குகிறது. 1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல்தான் உருவானது. முதல் தேசிய சாம்பியன் போட்டி 1955இல் ஏலூரில் நடந்தது. இந்தியா ஒலிம்பியாடில் முதலில் ஆடியது 1956இல், மாஸ்கோவில். நாட்டின் பல பகுதிகளில் அப்போதும் பழைய உள்ளூர் விதிகளே நடப்பில் இருந்தன. ஆரோன் தம் தலைமுறையில் சர்வதேச விதிகளை ஊன்றிக் கற்று, மற்றவர்களையும் அவற்றுக்குத் திருப்பியவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயை வென்றார். திறப்புகளைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதி, அந்தத் துறையின் ஆசானாகவே மதிக்கப்பட்டவர் யூவே. அவரை ஓர் இந்தியர் பலகையில் வென்றது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று உணர்வது கடினம். 1961இல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார்.

1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் போட்டி இந்தப் பெருமையின் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மனையும் ஆரோன் வென்றார். இருவரும் திறப்புத் தயாரிப்புக்குப் பெயர் போனவர்கள். ஆனால் போட்டி முடிவில் ஆரோன் பெற்றது கடைசி இடம். தனி ஒருவரின் திறமையால் எந்த ஒரு ஆட்டத்தையும் வெல்லலாம்; இருபதுக்கு மேற்பட்ட சுற்றுகளில் ஒவ்வொரு நாளும் வேறொரு எதிராளி, வேறொரு திறப்பு என்று வரும்போது பின்னால் ஒரு படையும் நூலகமும் தேவைப்படும். சோவியத் ஆட்டக்காரர்களுக்கு இரண்டும் இருந்தன. மதராஸில் இரண்டும் இல்லை.

நூலகம் 1972இல் வந்தது. மதராஸ் கஸ்தூரி ரங்கன் சாலையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் ஆரோன் ஒரு சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். முன்னாள் உலக சாம்பியன் மிகயில் தாலின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ரெய்க்யாவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதி உலகமே சதுரங்கத்தைப் பேசிய ஆண்டு அது. இந்தியாவிலும் ஆர்வம் பொங்கியது. தால் மன்றத்துக்கு மையம் இடமும் பலகைகளும் சோவியத் புத்தகங்களும் பத்திரிகைகளும் கொடுத்தது. வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றை வாங்க அந்நியச் செலாவணி கட்டுப்பாட்டையும் விலையையும் கடந்து வர வேண்டியிருந்த காலத்தில், ஆல்வார்பேட்டைக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்து வர முடிந்த எவரும் அவற்றைப் புரட்ட முடிந்தது.

ரஷ்ய மொழி தெரியாமல் அவற்றை எப்படிப் படித்தார்கள் என்ற கேள்விக்கு விடை எளிது. அன்றைய ஆங்கிலப் புத்தகங்கள் ஒவ்வொரு கட்டத்தையும் காய்களின் பெயரால் குறித்தன. வெள்ளைக்கு ஒரு பெயர், கறுப்புக்கு அதே கட்டத்துக்கு இன்னொரு பெயர். சோவியத் புத்தகங்களிலோ ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே எழுத்தும் எண்ணும். காய்களைக் குறிக்கும் ஐந்து சுருக்கங்களை அறிந்துகொண்டால் போதும், ஆட்டம் முழுவதையும் பலகையில் ஆடிப் பார்த்துவிடலாம். விளக்க உரை புரியாது. ஆனால் ஒரு நகர்த்தலுக்கு அருகே வியப்புக்குறியோ கேள்விக்குறியோ இருந்தால், அது ஏன் என்று மன்றத்தில் இருப்பவர்கள் கூடி யோசிக்க வேண்டும். உரை புரியாததால் உண்டான இந்தக் கட்டாயம் நல்ல ஆசிரியராக அமைந்தது என்றே சொல்ல வேண்டும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1981இல் இந்த எழுத்து–எண் முறையை மட்டுமே அங்கீகரித்தது. சென்னைப் பிள்ளைகளுக்கு அது அதற்கு முன்பே பழகியிருந்தது.

மன்றத்தின் இன்னொரு வழக்கம் திறப்புக் கல்வியோடு நேரடித் தொடர்பு உடையது. பலகைகள் குறைவு, வருபவர்கள் அதிகம். மின்னல் வேக ஆட்டத்தில் வென்றவர் பலகையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஒரே மாலையில் பல எதிராளிகளிடம் பல திறப்புகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. புதிதாகப் படித்த ஒரு சைடுலைனை அன்றே சோதித்துப் பார்க்கலாம். அது ஓட்டை என்றால் அன்றே தெரிந்துவிடும். விஸ்வநாதன் ஆனந்தின் வேகம் இங்கே உருவானது என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. 1978இல் ஆசிய ஜூனியர் பட்டத்தின் வழியே இந்தியாவின் இரண்டாவது சர்வதேச மாஸ்டரான வி. ரவிக்குமாரும் இந்தத் தமிழ்நாட்டுச் சூழலில் வந்தவர்தான்.

ஆனந்த் 1969இல் மயிலாடுதுறையில் பிறந்தார். ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் ஆட்டம் கற்றார். பிறகு தால் மன்றத்துக்கு வந்தார். தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் மணிலாவில் வாழ்ந்தது. கார்போவ்–கோர்ச்னோய் உலக சாம்பியன் போட்டி 1978இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்ததால் அந்த நாடு முழுக்கச் சதுரங்கப் பேச்சாக இருந்த காலம் அது. பகலில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் சதுரங்கப் புதிர்களுக்கு விடை எழுதி அனுப்பிச் சிறுவன் வாரந்தோறும் புத்தகப் பரிசு வென்றான். இறுதியில், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், ஆனால் இனி எழுதாதே என்று அவர்கள் சொல்லும் நிலை வந்தது. அன்றைய சதுரங்க மாணவனுக்குப் புத்தகம் எவ்வளவு அரிய பொருள் என்பதை இந்தப் பரிசே சொல்கிறது.

1970களின் பிற்பகுதியிலிருந்து திறப்புக் கல்வியின் மையத்தில் இருந்தது பெல்கிரேடிலிருந்து வந்த செஸ் இன்ஃபார்மன்ட் என்ற தொகுப்பு. 1966இல் தொடங்கியது, நெடுங்காலம் ஆண்டுக்கு இரண்டு தொகுதிகள். உலகப் போட்டிகளிலிருந்து தேர்ந்தெடுத்த நூற்றுக்கணக்கான ஆட்டங்கள், திறப்பு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். காய்களுக்குச் சிறு உருவங்கள், மதிப்பீட்டுக்குக் குறியீடுகள். எந்த மொழியும் தேவையில்லை. அதே நிறுவனம் 1974 முதல் வெளியிட்ட திறப்புக் கலைக்களஞ்சியம் எல்லாத் திறப்புகளையும் ஏ முதல் இ வரை ஐந்து பகுதிகளாகவும், ஒவ்வொன்றையும் 00 முதல் 99 வரை நூறு எண்களாகவும் பிரித்து, மொத்தம் 500 முகவரிகளில் அடக்கியது. சிசிலியன் நைடார்ஃபைத் தேடுபவர் பி90 என்ற எண்ணைப் பிடித்தால் போதும். உலகின் எந்த ஊரில் இருந்தாலும் ஆட்டக்காரர்கள் ஒரே முகவரியில் சந்திக்க முடிந்தது. ஆனால் ஒரு போட்டியில் புதுமை ஒன்று நிகழ்ந்து, அது அச்சேறி, கப்பலிலோ விமானத்திலோ சென்னை வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அதற்கு மறுப்பையும் கண்டுபிடித்திருப்பார்கள்.

அச்சை நம்பிய கல்வியின் ஆபத்தை ஆனந்தே உலகறிய அனுபவித்தார். 1988இல் பீலில் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவுக்கு எதிராகக் கறுப்பில் பெட்ரோஃப் தற்காப்பை ஆடினார். நான்கு நகர்த்தல்களில் கறுப்புக் குதிரை பலகையின் நடுவே, ராஜாவுக்கு நேராக நின்றது. ஐந்தாவது நகர்த்தலில் ஆனந்த் பிஷப்பை வெளியே கொண்டுவந்து அதற்குத் துணை நிறுத்தினார். முந்தைய ஆண்டு மைல்ஸ்–கிறிஸ்டியன்சன் ஆட்டத்தில் அதே நகர்த்தல் வந்து, ஆட்டம் அமைதியாகச் சமனில் முடிந்து, அச்சிலும் வந்திருந்தது. சபாட்டா ராணியை ஒரு கட்டம் முன்னே வைத்து ராஜாவின் வரிசைக்குக் கொண்டுவந்தார். விலகினால் ராஜா தாக்கப்படும் என்பதால் குதிரை நகர முடியாது, அடுத்த நகர்த்தலில் சிப்பாய் வந்து அதைத் தாக்கும். ஆறாவது நகர்த்தலோடு ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். முந்தைய ஆட்டம் இரு நண்பர்கள் முன்கூட்டியே பேசி வைத்துச் சமன் செய்தது. அங்கே மைல்ஸ் வெல்லும் நகர்த்தலைத் தேடவே இல்லை. அச்சிட்டிருப்பதாலேயே ஒரு வரிசை சரியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் சதுரங்க வரலாற்றில் அரிது. அப்போது அவர் உலக ஜூனியர் சாம்பியன். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். உலக ஜூனியர் பட்டத்தை அவர் 1987இல் வென்ற ஊர் அதே பாகியோ.

பாகியோவின் பெயர் இன்னொரு முறையும் வருகிறது. 1978இல் அங்கே நடந்த பத்தாவது ஆட்டத்தில், ஸ்பானிஷ் திறப்பின் ஓப்பன் வேரியேஷனில், கார்போவ் பதினோராவது நகர்த்தலாகக் குதிரையை ராணியின் வாயில் வைத்து அரங்கை அதிர வைத்தார். அவருக்குத் திறப்புத் தயாரித்த துணைவர் இகோர் ஸைட்சேவின் கண்டுபிடிப்பு அது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1995இல், நியூயார்க்கின் உலக வணிக மையக் கட்டடத்தில் காஸ்பரோவை எதிர்த்து ஆனந்த் அதே வேரியேஷனை ஆடினார். ஆறாவது ஆட்டம் சமனில் முடிந்தது. பத்தாவது ஆட்டத்தில் மீண்டும் அதே வழி. இந்த முறை பதினான்காவது நகர்த்தலில் காஸ்பரோவ் பிஷப்பைப் பின்னிழுத்து, ஒரு யானையை மூலையில் பலியாக விட்டார். ஆனந்த் யானையை எடுத்துக்கொள்ள, வெள்ளைப் பிஷப்பும் ராணியும் கறுப்பு ராஜாவை நெருக்கின. ஆட்டம் காஸ்பரோவுடையது. அந்த பிஷப் நகர்த்தலின் மூல யோசனை மிகயில் தாலுடையது. தாலின் பெயரிட்ட மன்றத்தில் பயின்றவர், தாலின் யோசனையாலேயே உலக சாம்பியன் போட்டியில் வீழ்ந்தார். அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் அதுவரை பெரிய ஆட்டங்களில் ஆடியிராத சிசிலியன் டிராகனை எடுத்தார். பதினொன்றாம், பதின்மூன்றாம் ஆட்டங்களை அதைக் கொண்டே வென்றார். முடிவு காஸ்பரோவுக்கு 10½–7½. மெயின் லைனில் ஆழ்ந்த தயாரிப்பு, எதிர்பாராத இடத்தில் திசைமாற்றம் என்ற இரண்டையும் ஒரே வாரத்தில் ஒருவரிடமிருந்து கற்றது போலாயிற்று.

அதற்குள் அச்சு யுகம் முடியத் தொடங்கியிருந்தது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த செஸ்பேஸ் நிறுவனம் 1987இல் தன் தரவுத்தள மென்பொருளை வெளியிட்டது. ஒரு எதிராளி கடந்த ஐந்தாண்டுகளில் ஆடிய திறப்புகள் அனைத்தையும் சில நொடிகளில் அடுக்கிக் காட்டும் கருவி அது. இன்ஃபார்மன்டிலிருந்து ஆட்டங்களை நோட்டில் எழுதி வைத்த தலைமுறைக்கும், கணினியில் தேடிய தலைமுறைக்கும் இடையே பத்தாண்டு வித்தியாசம்தான். 2000களின் நடுவில் வலிமையான ஆட்ட இயந்திரங்கள் வந்த பிறகு கேள்வியே மாறியது. எந்த நகர்த்தல் நல்லது என்பதை இயந்திரம் சொல்லிவிடும். எதிராளி எதைப் படித்திருக்க மாட்டார் என்பதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும். சைடுலைனுக்கு உயர்மட்ட ஆட்டத்திலேயே மதிப்பு வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தக் கலையில் ஆனந்தின் உச்சம் 2008 அக்டோபரில் பான் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டி. எதிரே விளாடிமிர் கிராம்னிக். வாழ்நாள் முழுதும் ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அதாவது இ4 என்று தொடங்கியவர் ஆனந்த். பானில் பெரும்பாலான வெள்ளை ஆட்டங்களை ராணி முன் சிப்பாயால், டி4 என்று தொடங்கினார். கிராம்னிக்கின் பல மாதத் தயாரிப்பில் பெரும்பகுதி இதனால் வீணாயிற்று. கறுப்பில் ஆனந்த் எடுத்தது மெரான் வேரியேஷன். 1924இல் மெரான் நகரப் போட்டியில் பெயர் பெற்ற, நன்கு மிதிபட்ட பாதை. அதன் பதினான்காவது நகர்த்தலில் அரிதாகவே ஆடப்பட்ட ஒரு பிஷப் நகர்த்தலை வைத்தார். மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். ஐந்தாம் ஆட்டத்தில் கிராம்னிக் அதே பாதைக்கு வந்தார். அடுத்த நகர்த்தலிலேயே ஆனந்த் இன்னொரு கிளைக்கு மாறி மறுபடியும் வென்றார். கறுப்பில் இரண்டு வெற்றிகள் அந்தப் போட்டியை முடித்துவிட்டன. இறுதிக் கணக்கு 6½–4½. பீட்டர் ஹைன் நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ராடோஸ்லாவ் வொய்டாஷெக், சூர்ய சேகர் கங்குலி ஆகியோர் அந்தத் தயாரிப்பின் துணைவர்கள். 1962இல் ஆரோனுக்கு இல்லாத படை இதுதான்.

2010இல் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிரான உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஆனந்த் இதற்கு நேர்மாறான வழியில் போனார். புதுமை எதுவும் இல்லை. எமானுவேல் லாஸ்கரின் பெயரில் உள்ள, ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைய தற்காப்பு. உயர்மட்டத்தில் யாரும் அதை அதிகம் ஆடாத காலம். எதிராளியின் தயாரிப்பு எல்லைக்கு வெளியே கிடந்த அந்தப் பழைய வரிசையைக் கொண்டு கறுப்பில் வென்று பட்டத்தைக் காத்தார். நவீனக் காலத்தின் சைடுலைன் பெரும்பாலும் இப்படி மறக்கப்பட்ட மெயின் லைனாகவே இருக்கிறது.

ஆனந்துக்குப் பின் வந்த சென்னைத் தலைமுறையைப் பார்த்தால், வெற்றி பெற்ற பயிற்சியாளர்கள் திறப்பைப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்ற கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ், இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சியாளரானார். மனைவியும் மகளிர் கிராண்ட்மாஸ்டருமான ஆர்த்தி ராமசாமியோடு 2008இல் செஸ் குருகுலத்தைத் தொடங்கினார். பிரக்ஞானந்தா, வைஷாலி, கார்த்திகேயன் முரளி, அரவிந்த் சிதம்பரம் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். மனக்கணிப்பை முதல் பாடமாக வைப்பது ரமேஷின் முறை. அவர் எழுதிய புத்தகமும் கணிப்பைப் பற்றியதே. தொம்மராஜு குகேஷைப் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா இன்னும் ஒரு படி மேலே போனார். குகேஷ் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை ஆட்ட இயந்திரங்களைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. ஒரு நிலையைப் பார்த்து இயந்திரம் தரும் எண்ணைப் படிப்பதற்குப் பதிலாக, தானே யோசித்துத் தீர்ப்புக்கு வரும் பழக்கம் முதலில் ஊறட்டும் என்பது அவர் எண்ணம். இருபது நகர்த்தல்களை மனப்பாடம் செய்து இருபத்தோராவதில் திகைத்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்த எவருக்கும் இதன் அருமை புரியும். தால் மன்றத்தில் ரஷ்ய உரை புரியாமல் தாங்களே யோசித்தவர்களின் பயிற்சியை, எல்லாம் புரியும் காலத்தில் இவர்கள் வேண்டுமென்றே மீட்டெடுத்தார்கள்.

பள்ளிகளும் சேர்ந்துகொண்டன. நகரின் மேற்கே முகப்பேர், அயனம்பாக்கம் பகுதிகளில் உள்ள வேலம்மாள் பள்ளிகள் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வருகையிலும் தேர்விலும் சலுகை தந்து பல கிராண்ட்மாஸ்டர்களை உருவாக்கின. 2010களில் தமிழ்நாடு அரசு 7 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களுக்குச் சதுரங்கத்தைக் கொண்டுசெல்லும் திட்டத்தை நடத்தியது. 2020இல் ஆனந்த் பெயரோடு வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் அகாடமி தொடங்கியது. பல ஆண்டுகள் ஆனந்துக்குத் திறப்புத் தயாரித்த போலந்து கிராண்ட்மாஸ்டர் கிரெகோர்ஸ் காயெவ்ஸ்கி அதன் வழியே இளையவர்களோடு பணியாற்றினார். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆம் ஒலிம்பியாடு நடந்தது. அதில் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனுக்கு எதிரான பட்டப் போட்டியின் பதினோராவது ஆட்டம் சைடுலைனின் வரலாற்றில் சேர வேண்டியது. கணக்கு சமனாக இருந்தது. குகேஷ் குதிரையால் தொடங்கினார். இரண்டாவது நகர்த்தலில் சி வரிசைச் சிப்பாய். மூன்றாவதாக, ராணிப் பக்கத்து பி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். மூன்றே நகர்த்தலில் இருவரும் மெயின் லைனை விட்டு வெளியே. டிங் தொடக்க நகர்த்தல்களிலேயே நீண்ட நேரத்தைச் செலவிட்டார். பிறகு குகேஷும் ஒரு நகர்த்தலுக்கு நெடுநேரம் யோசித்தார்; நினைவு முடிந்து கணிப்பு தொடங்கிய இடம் அது. நேர நெருக்கடியில் டிங்கின் ராணி நகர்த்தல் ஒன்று பிழையாக, ஆட்டம் குகேஷ் கைக்கு வந்தது. டிங் அடுத்த ஆட்டத்தை வென்றார். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தை வென்று, 7½–6½ என்ற கணக்கில், 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். துணைவர் குழுவை வழிநடத்தியவர் காயெவ்ஸ்கி.

இன்று திறப்பு அறிவுக்கு விலை இல்லை. இன்ஃபார்மன்டின் ஐந்நூறு முகவரிகளும், லட்சக்கணக்கான ஆட்டங்களும், உலக சாம்பியனை வெல்லக்கூடிய இயந்திரமும் ஒரு சாதாரணக் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கைபேசிகள் உருவாகும் இடங்களில் ஒன்று சென்னைக்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 வரை கைபேசிகளைச் செய்தது. இன்று ஃபாக்ஸ்கான் ஐபோன்களைச் செய்கிறது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ–நிசான் கார்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களின் பிள்ளைகள் இங்கே உள்ளூர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். குகேஷ் படித்த அயனம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஒரு மணி நேரப் பயணம்தான். தரவுத்தளம் இரண்டு இடத்துப் பிள்ளைக்கும் ஒன்றே. கூடி உட்கார்ந்து, தோற்றவர் எழுந்து வரிசையில் நின்று, ஒரு நகர்த்தல் ஏன் தவறு என்று பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்லும் அறை மட்டும் ஒன்றல்ல.

அந்த அறைக்கு வேண்டிய பணம் இந்தப் பகுதியிலேயே உண்டு. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளுக்கான பயிற்சியை அந்தப் பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. 1972இல் ஒரு வெளிநாட்டுக் கலாசார மையம் மதராஸுக்குச் செய்ததை, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அங்குள்ள ஆலைகளும் ஊராட்சி நூலகங்களும் சேர்ந்து செய்ய வேண்டும். ஓர் அறை, சில பலகைகள், சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர், மாலை வேளையில் திறந்திருக்கும் கதவு: இவ்வளவு போதும்.